நிலவுச்சாமியைத் தூக்கும் வீடு

எங்கள் கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் நிற்பார்கள். கற்படிகள் முடிந்து, தேவதாரு மரங்கள் விலகி, இடது பக்கம் மூன்றடுக்கு மரக் கோபுரமும் வலது பக்கம் பெரிய மண்டபமும் ஒன்றாகக் கண்ணில் விழுகிற இடம் அது. அதுவரை முழங்காலைத் திட்டிக்கொண்டு மூச்சிரைக்க வந்தவர்கள் அங்கே வாயடைத்துப் போவார்கள். சோயாப் பாலைத் தோஃபுக் கட்டியாக்கி விற்கிற என் கடை படிக்கட்டின் அடியில் இருக்கிறது. மேலே பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றால் ஆள் ஏறி முடித்துவிட்டார் என்று அர்த்தம்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. தினமும் காலையில் முதல் தோஃபுவைப் படையலுக்கு எடுத்துக்கொண்டு ஏறுகிறேன். காலில் ரப்பர் பூட்ஸ், அடுப்பில் விட்டுவந்த சோயாப் பால் பொங்கி வழிந்துவிடுமோ என்ற பதைப்பு. இருந்தும் அந்த இடம் வந்தால் கால் தானாக நின்றுவிடும். கோபுரத்துக்கு வயது ஆயிரத்துக்கும் மேல் என்கிறார்கள். பூமி நடுங்கும்போது கீழே என் கடையில் பாத்திரமெல்லாம் அலறும். மேலே கோபுரம் தன் மூன்று கூரைகளையும் ஒன்று இப்படி, ஒன்று அப்படி அசைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் பழையபடி நிற்கும். அதை ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். படையல் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு விழுந்து கும்பிட்டேன். வேறென்ன செய்ய?

மண்டபத்துக்குள் எந்நேரமும் மாலை நேரம்தான். நடுவில் வெண்கலப் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். அவரை யாராலும் அசைக்க முடியாது. அவருக்குப் பக்கத்தில் நிற்கிறவர் நிலவொளி போதிசத்துவர். ஊரில் நிலவுச்சாமி என்போம். மறுபக்கம் சூரிய ஒளிக்கென்று ஒருவர் இருந்தாராம். பழைய மண்டபம் எரிந்தபோது அவர் போய்விட்டார். நிலவுச்சாமி மட்டும் தானே நடந்து வெளியே வந்து கோபுரத்தடியில் நின்றாராம். ஊரில் எல்லோரும் இதைச் சொல்வார்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. தலை இம்மியளவு சாய்ந்திருக்கும். எந்தக் காலத்திலோ பூசிய பொன் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். மரத்தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும், விளக்கு வெளிச்சத்தில் முகம் பாதிதான் தெரியும். அந்தப் பாதியையே என்னால் ஒருநாளும் பார்த்து முடிக்க முடிந்ததில்லை.

கோயிலில் தீப்பிடித்தால் எந்த வீடு எதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பது எங்கள் ஊரில் நாங்கள் பிறப்பதற்கு முன்பே முடிவான விஷயம். புத்த சூத்திர ஏடுகள் வைத்த பெட்டிகள் ஊர்த்தலைவர் ஒகாஜிமாவின் வீட்டுக்கு. விளக்குத் தண்டுகள் பாய் முடைகிற பாய்க்காரர் வீட்டுக்கு. மேளம் கீழ்த்தெருவுக்கு. வெண்கலப் புத்தருக்கு ஈரப் போர்வை போர்த்துவதோடு சரி. நிலவுச்சாமி மட்டும் இரண்டு வீட்டுக்குப் பொது. எங்கள் தோஃபு வீட்டிலிருந்து ஒருவர், பக்கத்து மதுக்கடை வீட்டிலிருந்து ஒருவர். எங்கள் வீட்டுக்கு என் கணவர் எய்சாகு. மதுக்கடைக்கு ரிஹேய். எய்சாகு போய் நான்கு வருஷமாகிறது. பிள்ளைகுட்டி இல்லை. அதனால் அவர் இடத்தில் நான்.

ஒவ்வொரு ஜனவரியும் தீயணைப்புப் பயிற்சி நடக்கும். நிஜ நிலவுச்சாமியைத் தொட்டுப் பயிற்சி எடுக்க முடியுமா? பெரிய பிக்குவே வருஷக் கடைசியில் மெல்லிய தூரிகையால் தூசு தட்டுவதோடு விலகிக்கொள்வார். எனவே அவருக்குப் பதிலாக ஒரு சாக்குச்சாமி. உள்ளே மணல், வெளியே வெள்ளைத் துணி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதற்குக் கண்ணும் வரைந்திருந்தார்கள். அதை இரண்டு பேர் தூக்கி, மண்டபத்துப் படியிறங்கி, கோபுரத்தைத் தாண்டி, மணிக்கூண்டுப் பக்கம் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

எய்சாகுவின் முதுகு போனது அந்தச் சாக்கால்தான். பயிற்சி முடிந்து வந்தால் ஒரு வாரம் குப்புறப் படுத்திருப்பார். நான் மருந்துப் பட்டையை ஒட்டிக்கொண்டே வாய்க்கு வந்தபடி திட்டுவேன். "சாக்கையே தூக்க முடியலன்னா அவரை எப்படித் தூக்கறது சினோ?" என்பார். திட்டுவேனே ஒழிய உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். ஊரில் இத்தனை முதுகு இருக்க, நிலவுச்சாமிக்கு என்று வைத்த முதுகு அது.

இந்த ஜனவரியில் என் மானம் போயிற்று. நான் தலைப்பக்கம் பிடித்திருந்தேன், ரிஹேய் கால்பக்கம். படியில் பாதி இறங்கியிருப்போம், பாரம் முழுவதும் என்மேல் வந்து விழுந்ததுபோல் இருந்தது. விரல் விட்டுப்போனது. சாக்குச்சாமி உருண்டு போய்க் கல்லில் மோதி வெடித்தார். மணல் கொட்டிப் பரவ, வரைந்த கண் இரண்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த பத்திரிகைக்காரன் நின்று நிதானமாகப் படம் எடுத்துக்கொண்டான்.

யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. எங்கள் ஊரில் திட்ட மாட்டார்கள். பயிற்சி முடிந்து எல்லோருக்கும் பன்றிக்கறிச் சூப் ஊற்றும்போது என் கிண்ணத்தில் மட்டும் கறி நிறைய விழுந்தது. அதைப் பார்த்ததுமே ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன்.

நினைத்தது சரியாகப் போயிற்று. பிப்ரவரியில் ஊர்க்கூட்டம். ஒகாஜிமா மரவியாபாரி, நல்ல மனிதர்தான், தேன் தடவித்தான் பேசுவார். சினோ அக்கா ரொம்ப வருஷமாகக் கஷ்டப்படுகிறார்கள், ஏப்ரலிலிருந்து கொஞ்சம் ஓய்வு கொடுப்போம் என்றார். எங்கள் வீட்டு இடம் ஹயாதோவுக்குப் போகிறதாம். ஒசாகாவிலிருந்து வந்து பழைய வீட்டில் காப்பிக் கடை போட்டிருக்கிற பையன், தோள் இரண்டும் கதவு அகலம். அவன் பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு என்ன தருகிறார்கள் என்று கேட்டேன். மண்டபத்தில் உட்காரப் போடுகிற மெத்தைகளாம். மெத்தைகள்!

எல்லோரும் ரிஹேயைப் பார்த்தார்கள். கூடத் தூக்குகிற வீடு அவருடையது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேச்சு அத்தோடு நின்றிருக்கும். அவர் பாயின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூக்கைச் சிந்தினார். முப்பத்தைந்து வருஷம் பக்கத்து வீடு. எய்சாகுவின் சாவுக்கு என் வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் தலைகுனிந்தவர். மறுநாளிலிருந்து அவர் வீட்டுக்குக் காலைத் தோஃபு அனுப்புவதை நிறுத்திவிட்டேன். அவரும் ஏனென்று கேட்கவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த இரண்டு மாதமும் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. நிலவுச்சாமியை நான் ஒருநாளும் தொட்டதில்லை. கிட்டே போனதுகூட இல்லை. ஆனால் ஏப்ரல் வந்தால் அவர் எங்கள் வீட்டுச் சாமி இல்லை என்று நினைத்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுவேன். கடலோரத்திலிருந்து வந்தவள் நான். எய்சாகு போன பிறகு இந்த ஊரில் எனக்கென்று மிச்சமிருந்தது அவர் ஒருவர்தான். படையல் வைக்கும்போது தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, "என்னை விட்டுடாதீங்க" என்று பிச்சைக்காரிபோல் கேட்டிருக்கிறேன்.

மார்ச் கடைசியில் ஒரு மத்தியானம். வரப்பில் காய்ந்த புல்லை யாரோ எரித்திருக்கிறார்கள். யார் வயல் என்று சொல்ல மாட்டேன், அந்த மனிதர் இன்னும் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. காற்று திரும்பிவிட்டது. நான் எண்ணெயில் தோஃபு பொரித்துக்கொண்டிருந்தேன். மேலே மணி அடித்தது. வழக்கமாக அடிக்கிற அடி இல்லை, நிறுத்தாமல் விழுகிற அடி. அடுப்பை அணைத்தது நினைவிருக்கிறது. படியேறியது நினைவில்லை.

அந்த இடத்துக்கு வந்ததும் அன்றைக்கும் என் கால் நின்றது. மண்டபத்துக்குப் பின்னால் தேவதாரு மரங்கள் புகைந்து வெடித்துக்கொண்டிருந்தன. பொறி பொறியாக வானமெல்லாம் பறந்தது. கோபுரத்தைச் சுற்றி நாலாபக்கமும் தரையில் பதித்த தீயணைப்புக் குழாய்களிலிருந்து தண்ணீர் எழும்பி, உச்சிக்கும் மேலே போய், திரையாக விழுந்துகொண்டிருந்தது. பயிற்சியில் எத்தனையோ முறை அதைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறேன். இன்றைக்கு அதன் பின்னால் நெருப்பு. ஒரு பக்கம் தீ, ஒரு பக்கம் தண்ணீர், நடுவில் அந்த மரக் கோபுரம் நனைந்து கருத்து நின்றது. ஒரு பெரிய பொறி இரண்டாம் கூரையில் விழுந்து உட்கார்ந்தது. தண்ணீர் அதன் மேல் சரிந்தது, வெள்ளைப் புகை வந்தது, கோபுரம் அப்படியே நின்றது. உடம்பெல்லாம் புல்லரித்தது எனக்கு. நாங்கள் எல்லோரும் அங்கே குழாயும் வாளியுமாக ஓடிக்கொண்டிருந்தோம், ஓடாமல் நின்ற ஒரே ஆள் அது.

கோபுரம் தப்பியது, மண்டபத்தின் பின்மூலையில் கூரையில் வேய்ந்த மரப்பட்டை புகைய ஆரம்பித்திருந்தது. ஹயாதோ ஏணியில் நின்று தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். சூத்திரப் பெட்டிகள் வெளியே வந்தாயிற்று. விளக்குத் தண்டுகளும் வந்தாயிற்று. பெரிய பிக்கு மண்டபத்து வாசலில் நின்று, "நிலவுச்சாமி, நிலவுச்சாமி," என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ரிஹேயைத் தேடினேன். குளத்தருகே பம்பைப் பார்க்கப் போயிருக்கிறார் என்றார்கள். குளம் மலைக்கு அந்தப் பக்கம்.

"போகாதீங்க அக்கா. ரெண்டு ஆளு இல்லாம தூக்க முடியாது. ரிஹேய் வரட்டும்," என்று ஒகாஜிமா குழாயைப் பிடித்தபடியே கத்தினார்.

ரிஹேய் வருவதற்குள் கூரை விழுந்துவிட்டால்? நான் போனேன். வாசலில் நின்று பூட்ஸைக் கழற்றினேன். இன்று யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். தலைக்கு மேலே கூரை புகைகிறது, நான் பூட்ஸைக் கழற்றி, ஜோடி சேர்த்து, மூக்கு வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறேன்.

புகை மேலே உத்தரங்களில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே மூச்சு விட முடிந்தது. வெண்கலப் புத்தர் ஈரப் போர்வைக்குள் இருந்தார். முப்பத்தைந்து வருஷம் தாண்டாத மரத்தடுப்பைத் தாண்டினேன். பீடத்தில் ஏறினேன். நிலவுச்சாமி எனக்கு நேர் எதிரே நின்றார்.

அப்போதுதான் மறுபாதி முகத்தைப் பார்த்தேன். தடுப்பிலிருந்து தெரியாத பாதி. அதில் பொன் முழுவதும் உதிர்ந்து கருப்பு அரக்காக இருந்தது. அந்தக் கண் மற்றதைவிட ஒரு துளி தாழ்ந்திருந்தது. அழுது முடித்தவர் முகமா, சிரிக்கப் போகிறவர் முகமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் தீயை மறந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், புகை கண்ணைக் கரிக்கும் வரைக்கும் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மன்னிச்சுக்கோங்க," என்று சொல்லி, குனிந்து கும்பிட்டு, அவர் அக்குளுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்தேன். எய்சாகு சொல்வதுபோல் முழங்காலை மடக்கினேன், மூச்சை இழுத்துப் பிடித்தேன். முதுகு போனால் போகட்டும் என்று இருந்த பலத்தையெல்லாம் திரட்டி ஒரே தூக்காகத் தூக்கினேன்.

நிறைகுடம் என்று நினைத்துத் தூக்கின குடம் காலியாக இருந்தால் கை எப்படித் துள்ளும்? அப்படித் துள்ளிப் பின்பக்கமாக விழுந்தேன். தரையில் உட்கார்ந்திருக்கிறேன், அவர் என் மடியில் சாய்ந்திருக்கிறார். உடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மேல்பாதி மட்டும் கையோடு வந்துவிட்டது, கீழ்ப்பாதி பீடத்திலேயே நிற்கிறது என்று. அவர் காலைத் தேடினேன். கால் இருந்தது. பாதம் இருந்தது. விரல்கள் பத்தும் இருந்தன. முழுசாக என் மடியில் இருந்தார். நான் தினமும் தூக்குகிற சோயா மூட்டையில் பாதி எடைகூட இல்லை. முதல் வகுப்புக்குப் போகிற பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்ததுபோல் இருந்தது.

அவரைத் திருப்பிப் பிடித்தபோது அதையும் பார்த்தேன். அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் பொன் தேய்ந்து, அரக்கும் தேய்ந்து, வழவழவென்று இருந்தது. உள்ளங்கை அளவுக்கு இரண்டு இடங்கள். என் கை இப்போது இருந்த அதே இடங்கள். எத்தனை தீயில், எத்தனை பேர், எந்தெந்த ராத்திரிகளில் இவரை இப்படி அணைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்! தானே நடந்து வந்தாராம். செய்தவர்கள் நாம் தூக்குவதற்காகவே செய்துவைத்திருக்கிறார்கள். என் பெயர் தெரியாமல், நான் ஒருத்தி தனியாக வருவேன் என்று தெரிந்ததுபோல், என்னால் முடிகிற அளவுக்குச் செய்துவைத்திருக்கிறார்கள். எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது.

உடனே எய்சாகு ஞாபகம் வந்தார். முதுகில் பட்டையோடு குப்புறப் படுத்திருக்கிற எய்சாகு. அட மனுஷா, இத்தனை வருஷம் மணலையா சுமந்தே? சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்துத்தான் அழுகிறேன் என்று தெரிந்தது.

மேலே ஏதோ முறிந்து விழுகிற சத்தம் கேட்டது. எழுந்தேன். பிள்ளையைத் தூக்குவதுபோல் அவரை இடது தோளில் சாய்த்துக்கொண்டேன். வெளியே தண்ணீர் தெறிக்கும் என்று இடுப்பிலிருந்த ஏப்ரனை அவிழ்த்து அவர் தலையில் போர்த்தினேன். தோஃபு பொரித்த எண்ணெய் வாசனை. மன்னித்திருப்பார்.

படியிறங்கும்போது முதலில் பார்த்தது ஒகாஜிமாதான். அவர் கையிலிருந்த குழாய் தானாகத் திரும்பிப் பாய்க்காரரை நனைத்துக்கொண்டிருந்தது. நனைகிறவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய பிக்கு இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார். காலில் பூட்ஸ் இல்லாமல், நனைந்த கல்லில், நான் நிலவுச்சாமியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் திரைக்கு ஓரமாக, கோபுரத்தின் அடியில் நடந்தேன். அண்ணாந்து பார்த்தேன். மூன்று கூரைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக எங்கள் இருவருக்கும் மேலே விரிந்திருந்தன. பொறிகள் அதைத் தாண்டி வரவில்லை.

மணிக்கூண்டை நெருங்கும்போது ரிஹேய் ஓடிவந்தார். தேவதாருப் பூம்பொடி ஒத்துக்கொள்ளாத மனிதர், தும்மிக்கொண்டே வந்தார். "விடு, நான் பிடிக்கிறேன்," என்று நிலவுச்சாமியின் காலடியில் கையைக் கொடுத்து, பயிற்சியில் தூக்குகிற வேகத்தில் ஒரு தூக்குத் தூக்கினார். தன் முஷ்டியே தன் தாடையில் பட்டு உட்கார்ந்துவிட்டார். எழுந்து என்னைப் பார்த்தார், நிலவுச்சாமியைப் பார்த்தார்.

"மீதி எங்க?" என்றார்.

"இவ்வளவுதான் அண்ணே," என்றேன்.

பொழுது சாய்வதற்குள் தீ அடங்கியது. மண்டபத்தின் பின்மூலை இறவாரம் கரிந்திருந்தது. கோபுரத்தின் இரண்டாம் கூரையில் ஒரு பாய் அகலத்துக்குக் கறுப்பு. அவ்வளவோடு போயிற்று. ஊரே மணிக்கூண்டுப் பக்கம் கூடியது. விரித்த வெள்ளைத் துணியில் நிலவுச்சாமி நின்றார், நான் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளி வெளிச்சத்தில் அவரை யாருமே பார்த்ததில்லை. கரி பூசிய முகங்களோடு ஒவ்வொருவராக வந்து குனிந்தார்கள். ஹயாதோ ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் விசும்பினான்.

பெரிய பிக்குதான் விளக்கினார். களிமண்ணில் உருவம் செய்து, மேலே துணியும் அரக்கும் மாறி மாறிப் பூசி, காய்ந்ததும் உள்ளேயிருந்த களிமண்ணை எடுத்துவிடுவார்களாம். உள்ளே ஒன்றுமில்லை, இரண்டு மூன்று மரச்சட்டங்களைத் தவிர. பிறகு சாக்கில் அத்தனை மணலை யார் போட்டது என்ற விசாரணை வந்தது. ரிஹேயின் அப்பா காலத்தில் போட்டதாம். எடை என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. கோயிலில் கேட்கலாம், ஆனால் போதிசத்துவரின் எடையை எந்த வாயால் கேட்பது? குத்துமதிப்பாக ஒரு அளவு போட்டிருக்கிறார்கள். குறைத்துப் போட்டால் அவமரியாதை என்று மேலே இரண்டு மண்வெட்டி. பிறகு ஒருமுறை நாரா நகரத்தில் நடந்த கண்காட்சிக்கு அவரைப் பெரிய பெட்டியில் வைத்து ஆறு பேர் தூக்கிப்போனதை ஊரே பார்த்தது. பெட்டியின் கனம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு மண்வெட்டி போட்டார்களாம்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே சாமி," என்றார் ஒகாஜிமா.

"நானும் தூக்கிப் பாத்ததில்லப்பா," என்றார் பிக்கு. "நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டுத் தூக்கறதைப் பாத்து, அவ்வளவு இருக்கும்னுதான் நானும் நம்பினேன்."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். ரிஹேய் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கேட்டார், நான் ஒருமுறை பிடிக்கலாமா என்று. கொடுத்தேன். இந்த முறை மெதுவாக வாங்கினார். மார்போடு அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவருடைய வலது தோள் நடுங்கியது. தும்மலுக்கு வருகிற நடுக்கம் இல்லை அது.

"ஜனவரில சாக்கை விட்டது சினோ இல்ல," என்றார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். "நான்தான் விட்டேன். மூணு வருஷமா இந்தத் தோள் மேல எழும்பறதில்ல. சொன்னா என் வீட்டுக்கு மெத்தை குடுத்துடுவீங்கன்னு சொல்லல. கூட்டத்துலயும் வாயத் தொறக்கல."

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. இரண்டு மாதம் தூங்காத தூக்கமெல்லாம் தலைக்கு வந்தது. அவர் கையில் மட்டும் நிலவுச்சாமி இல்லாமல் இருந்திருந்தால், அந்த மனிதரின் மூக்கில் ஒரு குத்து விட்டிருப்பேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. அவர் கண்ணிலிருந்து வழிந்து நிலவுச்சாமியின் தோளில் விழப் போனதை நான்தான் ஏப்ரன் நுனியால் துடைத்தேன்.

ஒகாஜிமா தொண்டையைச் செருமினார். வழக்கம்போல் தேன் தடவினார். சினோ அக்காவுக்கு ஊரே கடமைப்பட்டிருக்கிறது, ஏப்ரல் விஷயத்தை எல்லோரும் மறந்துவிடலாம், நிலவுச்சாமி இனிமேல் தோஃபு வீட்டுக்கே என்றார். ஹயாதோ வேகமாகத் தலையாட்டினான். எனக்குக் காதில் விழுந்தது, மனசில் இறங்கச் சற்று நேரம் பிடித்தது. கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள். அவர் என்னுடையவர்.

"இனி ஒரு ஆளே போதுமே," என்று ஒகாஜிமா தொடர்ந்தார். "ரிஹேய் அண்ணன் தோளுக்கும் ஓய்வு வேணும். அந்த மெத்தைங்களை மதுக்கடை வீட்டுக்கு..."

ரிஹேய் நிலவுச்சாமியை என்னிடம் கொடுக்கக் கையை நீட்டினார். நீட்டினாரே தவிர, விரல்கள் விடவில்லை. ரிஹேயின் அந்த முகத்தை நான் பிப்ரவரியிலிருந்து தினமும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"ரெண்டு வீடுதான்," என்றேன்.

"ஆனா அக்கா, அவ்வளவு லேசா இருக்கும்போது..."

"லேசோ கனமோ, ரெண்டு வீட்டுச் சாமி. மெத்தைய நீங்களே வெச்சுக்கோங்க."

ஒகாஜிமா பிக்குவைப் பார்த்தார். பிக்கு கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு, மண்டபத்துக்குள் இன்னும் புகை இருக்கிறது, இன்றைக்கு நிலவுச்சாமி பிக்குவின் வீட்டு முன்னறையில் இருக்கட்டும், தூக்குகிற வீட்டுக்காரர்கள் கொண்டுவரட்டும் என்றார். வீட்டுக்காரர்கள் என்று பன்மையில்தான் சொன்னார்.

நான் தலைப்பக்கம் பிடித்தேன். ரிஹேய் கால்பக்கம் போனார். முற்றத்தைக் கடந்து, கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே நடந்தோம். இருட்டத் தொடங்கியிருந்தது, கூரைகளிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இருபக்கமும் ஊர் ஒதுங்கி நின்றது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாய்க்காரர் வாயைப் பொத்தவும் இல்லை.

"ஒரு கையால தூக்கிடற சாமியை ரெண்டு கெழம் தூக்கிட்டுப் போறதப் பாத்து சிரிக்கறாங்க," என்றார் ரிஹேய்.

"சிரிக்கட்டும். நீங்க படியப் பாத்துக் கால வைங்க," என்றேன்.